பொன்வண்டும் நடன அங்கியும்



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயிலில் ஏறினால், அரக்கோணத்துக்குச் சற்று முன்பாகத் திருவாலங்காடு என்னும் நிலையம் வரும். திருத்தணிக்கு அருகிலுள்ள ஊர் இது. ஆல மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். நடராசரின் ஐந்து சபைகளுள் ரத்தின சபை இவ்வூர்க் கோயிலில்தான் இருக்கிறது.

இந்த வட்டாரத்தின் புதர்க்காடுகளில் மழைக்குப் பிறகு வேறொரு ரத்தினத்தையும் காணலாம். வேல மரத்தின் கிளையில் மரகதப் பச்சையாக ஏதோ மின்னும். அருகில் போய்ப் பார்த்தால் ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும் தெரியும். ஆம், பொன்வண்டுதான்! பிடித்துத் தீப்பெட்டியில் வைத்து, வேல இலையைத் தின்னக் கொடுத்து, 'எத்தனை முட்டை இட்டிருக்கிறது?' என்று நாளுக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பது தமிழ்நாட்டுச் சிறுவர்களின் பழைய விளையாட்டு. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். அரிசி போன்ற அந்த முட்டைகளைப் பற்றி ஒரு கதையாவது சொல்வார்.

சரி, இந்தப் பொன்வண்டுக்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பெண்கள் மாலை விருந்துக்கு உடுத்திச் சென்ற அங்கிக்கும் என்ன தொடர்பு? 'ஒன்றுமில்லை' என்றுதானே நினைக்கிறீர்கள்? நெருங்கிய தொடர்பு உண்டு. அதைப் புரிந்துகொண்டால் எட்டாம் வகுப்பிலிருந்து நீங்கள் படித்துவரும் ஒளியியல் பாடம் முழுவதும் கண்முன் ஆடும்.

மின்விளக்கு இல்லாத மாலை

முதலில் அந்தக் காலத்து விருந்துக் கூடத்துக்குள் போவோம். ஆண்டு 1810 என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிசனின் மின்விளக்கு வர இன்னும் 69 ஆண்டுகள் இருக்கின்றன. லண்டனின் பால் மால் தெருவில் 1807-இல் வாயு விளக்கு ஏற்றிக் காட்டினார்கள். ஆனால் வீடுகளுக்குள் அது இன்னும் வரவில்லை. செல்வர் வீட்டு நடனக் கூடத்தில்கூட மெழுகுவத்திகளும் எண்ணெய் விளக்குகளும்தான்.

ஒரு மெழுகுவத்தி எவ்வளவு வெளிச்சம் தரும்? ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள பரப்பின் மீது அது ஏறத்தாழ ஒரு லக்ஸ் அளவு ஒளியை வீழ்த்தும். இரண்டு மீட்டருக்குப் போனால் அது பாதியாகாது; நான்கில் ஒரு பங்காகிவிடும். மூன்று மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. இதைத்தான் எதிர் இருபடி விதி என்கிறோம். இன்று உங்கள் வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று, ஏறத்தாழ 60 முதல் 70 மெழுகுவத்திகளின் ஒளியைத் தருகிறது. ஆகவே நூறு மெழுகுவத்திகள் ஏற்றிய பெரிய கூடம் என்றாலும், நம் கண்ணுக்கு அது மங்கலான இடம்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். மெழுகுவத்தியின் சுடர் மஞ்சளாக இருக்கிறது. அதில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. பகலில் அழகாகத் தெரியும் கருநீலத் துணி, அந்த ஒளியில் கறுத்துப் போகும். துணி நீல ஒளியைத் திருப்பி அனுப்பக் காத்திருக்கிறது. விளக்கோ நீலத்தைத் தருவதில்லை. கடனாகப் பெறாததைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

ஆக, மாலை உடை தைப்பவர் முன் இருந்தது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. அது ஒரு பௌதிகப் பிரச்சினை. குறைந்த ஒளியில், அதுவும் மஞ்சள் ஒளியில், உடுத்தியவர் பளிச்சென்று தெரிய வேண்டும். எப்படி?

முதல் விடை: வெள்ளை மஸ்லின்

ஏறத்தாழ 1795 முதல் 1820 வரை ஐரோப்பியப் பெண்களின் உடை, அதற்கு முன்னும் பின்னும் இல்லாத ஒரு வடிவத்தில் இருந்தது. இடுப்புக் கோடு மார்புக்குச் சற்றுக் கீழே ஏறியிருக்கும். அங்கிருந்து துணி நேராகத் தரை வரை தொங்கும். பழைய கிரேக்கச் சிலைகளின் ஆடையைப் பார்த்துப் பழகிய நாகரிகம் இது. பகல் உடைக்கு நீண்ட கையும் மூடிய கழுத்தும் இருக்கும். மாலை உடைக்குக் குட்டையான உப்பிய கை, திறந்த கழுத்து, முழங்கைக்கு மேல் ஏறும் கையுறை. மேலே காசுமீரச் சால்வை. துணி அவ்வளவு மெல்லியதாக இருந்ததால் உள்ளே பை வைத்துத் தைக்க இடமில்லை. எனவே பெண்கள் கையில் ஒரு சிறு சுருக்குப் பை எடுத்துச் செல்லத் தொடங்கினார்கள்.

இந்த அங்கிக்கு மிகவும் விரும்பப்பட்ட துணி வெள்ளை மஸ்லின். டாக்கா மஸ்லினின் புகழ் நீங்கள் அறிந்ததே. நம் பக்கத்தில் ஆரணி மஸ்லினுக்கும் பெயர் இருந்தது. ஜேன் ஆஸ்டின் என்ற ஆங்கில நாவலாசிரியையின் 'நார்த்தாங்கர் அபி' என்னும் கதையில், நடனக் கூடத்தில் சந்திக்கும் ஓர் இளைஞன் இந்திய மஸ்லின் என்ன விலை என்று பேசுகிறான் என்றால், அது எவ்வளவு பரவியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைத் துணி தன்மேல் விழும் எல்லா நிறத்தையும் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். மஞ்சள் ஒளி விழுந்தால் மஞ்சள் கலந்து ஒளிரும். ஆகவே மங்கலான கூடத்தில் வெள்ளை உடை நன்றாகத் தெரியும். முதல் விடை சரியான விடைதான்.

ஆனால் அதில் ஒரு குறை உண்டு. துணியின் மேற்பரப்பு நூலும் இழையுமாகக் கரடுமுரடாக இருப்பதால், அது ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. இதைச் சிதறிய எதிரொளிப்பு என்று படித்திருக்கிறீர்கள். ஒளி எல்லாத் திசைக்கும் பங்கிடப்படுவதால், ஒருவர் கண்ணுக்கு வந்து சேரும் பங்கு மிகச் சிறிது. அங்கி நிலா வெளிச்சம் போல் மென்மையாகத் தெரியும், மின்னாது. மின்ன வேண்டுமென்றால் வழவழப்பான பரப்பு வேண்டும். பொன் ஜரிகை வைக்கலாம். கண்ணாடி மணி, ரத்தினக்கல் வைக்கலாம். ஆனால் ஒரு சங்கடம்: கண்ணாடியின் அடர்த்தி நீரைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. நூற்றுக்கணக்கில் தைத்தால் மெல்லிய மஸ்லின் தாங்குமா? இழுத்துக்கொண்டு தொங்கும், கிழிந்தும் போகும்.

இன்னொரு விடை சென்னையிலிருந்து

இங்கேதான் பொன்வண்டு நுழைகிறது.

வண்டுகளுக்கு இரண்டு இணை இறக்கைகள் உண்டு. பறக்க உதவுவது கீழே மடிந்திருக்கும் மெல்லிய இணை. அதை மூடிக் காக்கும் மேல் இணை கெட்டியான ஓடாக மாறியிருக்கிறது. பொன்வண்டில் நாம் காணும் பளபளப்பு பெரிதும் இந்த இறக்கை ஓட்டில்தான். இதன் முக்கியப் பொருள் கைட்டின். இறால் ஓட்டிலும் இதுவே இருக்கிறது. இதன் அடர்த்தி நீரைப் போல் சுமார் 1.4 மடங்கு, கண்ணாடியில் ஏறத்தாழப் பாதி. மெல்லியது, உறுதியானது, ஊசியால் துளையிடக் கூடியது. மஸ்லினுக்கென்றே இயற்கை செய்து வைத்த ரத்தினம்!

இந்த ஓடுகளை அலங்காரத்துக்குப் பயன்படுத்துவது நம் நாட்டில் பழைய வழக்கம். 17-ஆம் நூற்றாண்டில் இமயமலை அடிவாரத்துப் பசோலி ஓவியர்கள், தங்கள் சிற்றோவியங்களில் நகைகளில் மரகதம் பதித்தது போல் காட்ட, பொன்வண்டு ஓட்டின் சிறு துண்டுகளையே ஒட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கலை ஐரோப்பியச் சந்தையைத் தேடிப் போயிற்று. சென்னை, ஐதராபாத், கல்கத்தா, டில்லி முதலிய ஊர்களின் பூத்தையல்காரர்கள் மெல்லிய மஸ்லினிலும் வலைத் துணியிலும் இந்த ஓடுகளை வைத்துத் தைத்தார்கள். ஓட்டை இலை வடிவில் நறுக்கி, ஓரத்தில் நுண்ணிய துளையிட்டு, பொன் முலாம் பூசிய ஜரிகையால் சுற்றிலும் தைப்பார்கள். ஜரிகைக் கொடியில் பச்சை இலைகள் படர்ந்தது போல் இருக்கும். 1820-களிலிருந்து இத்தகைய துணிகள் இங்கிலாந்தில் மாலை உடைகளாகவும் நடன உடைகளாகவும் மாறின. அப்போது இடுப்புக் கோடு மெல்ல இறங்கி இயல்பான இடத்துக்கு வந்து கொண்டிருந்தது. கைகள் உப்பிப் பெருத்துக் கொண்டிருந்தன. ஆனால் மங்கலான கூடமும் மெழுகுவத்தியும் மாறவில்லை.

இந்த வண்டுகள் ஸ்டெர்னோசெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. நம் ஊர் வேல மரத்துப் பொன்வண்டும் அதே பேரினம்தான். உலகில் பொன்வண்டுக் குடும்பத்தில் ஏறத்தாழ 15,000 இனங்கள் உள்ளன.

ஒவ்வோர் ஓடும் ஒரு குவியாடி

இப்போது பாடத்துக்கு வருவோம். பொன்வண்டின் இறக்கை ஓடு தட்டையானதா? இல்லை, முதுகு போல் வெளிப்புறம் வளைந்திருக்கிறது. அதாவது அது ஒரு சிறிய குவியாடி. குவியாடியில் பிம்பம் எப்படி இருக்கும்? மாய பிம்பம், நேரானது, சிறியது. பேருந்து ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளை எல்லாம் சிறிதாகப் பார்க்கிறாரே, அதே ஆடிதான்.

ஆகவே கூடத்தில் எரியும் ஒவ்வொரு மெழுகுவத்தியும் ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு சின்னஞ்சிறு சுடராகத் தெரியும். அங்கியில் 300 ஓடுகள், கூடத்தில் 50 மெழுகுவத்திகள் என்று கொண்டால் 15,000 சுடர்ப் பொட்டுகள்! எல்லாமும் ஒரே சமயத்தில் உங்கள் கண்ணுக்கு வந்துவிடாது. சில முன்பக்கத்தில் இருக்கும். சில மடிப்பில் மறைந்திருக்கும். உடுத்தியவர் ஓர் அடி எடுத்து வைத்தால் ஒவ்வோர் ஓட்டின் சாய்வும் மாறும். தெரிந்த சுடர் மறையும். மறைந்த சுடர் தெரியும். இதைத்தான் மின்னுதல் என்கிறோம். தட்டையான ஆடியாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட திசையில் நிற்பவருக்கு மட்டுமே பளிச்சிடும். குவியாடியாக இருப்பதால் கூடத்தில் எங்கே நின்றாலும் ஏதாவது ஒரு சுடர் கண்ணில் படும்.

நிறமும் கைகொடுக்கிறது. நம் கண்ணுக்கு மிகவும் கூர்மையாகத் தெரியும் ஒளி எது? அலைநீளம் ஏறத்தாழ 555 நானோமீட்டர் உள்ள பச்சை. மெழுகுவத்தி நீலத்தில்தான் பெரிய கஞ்சன். பச்சையில் அவ்வளவு கஞ்சத்தனம் காட்டாது. ஆகவே நீலக்கல் கறுத்துப் போகும் கூடத்தில் பொன்வண்டின் பொன்பச்சை கண்ணைப் பறித்தது.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டறையில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுவரில் மாட்டுங்கள். அது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்று பாருங்கள். இப்போது நாலைந்து எவர்சில்வர் கரண்டிகளின் பின்புறம் உங்களைப் பார்க்கும்படி அதன் அருகே சாய்த்து வையுங்கள். ஒவ்வொரு கரண்டியிலும் ஒரு சுடர் தெரியும். அறையில் இங்குமங்கும் நடந்து பாருங்கள். கைக்குட்டையின் வெளிச்சம் பெரிதாக மாறாது. கரண்டியில் சுடர் ஓடிக்கொண்டே இருக்கும். முதலாவது வெறும் மஸ்லின் அங்கி; இரண்டாவது பொன்வண்டு தைத்த அங்கி.

துணியை மெழுகுவத்திக்கு அருகே கொண்டு போகாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியில் நூலைச் சுற்றிலும் காற்று தாராளமாகக் கிடைப்பதால் அது கணத்தில் பற்றிக்கொள்ளும். அந்தக் கால நடனக் கூடங்களில் இது உண்மையான அபாயமாக இருந்தது.

சாயம் இல்லாத பச்சை

'அந்தப் பச்சைக்குச் சாயத் துணி போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை சற்றே அச்சமூட்டுவது.

அந்தக் காலத்தில் துணிக்குப் பச்சை ஏற்றுவது கடினம். மஞ்சள் சாயத்தில் ஒரு தடவை, அவுரி நீலத்தில் ஒரு தடவை என இரண்டு முக்கு முக்க வேண்டும். தாவர மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். நாளடைவில் துணி நீலம் பாய்ந்துவிடும். 1775-இல் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார் பளிச்சென்ற ஒரு பச்சைப் பொருளைக் கண்டார். 1814-இல் அதைவிட அழகான மரகதப் பச்சை ஒன்று ஜெர்மனியில் உருவானது. இரண்டும் தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கூட்டுப் பொருள்கள். ஆர்சனிக் என்பது நம் ஊரில் பாஷாணம் என்று அழைக்கப்படும் நஞ்சுகளில் உள்ள தனிமம். செயற்கைப் பூக்கள், சுவர்த் தாள்கள், விருந்து உடைகள் எல்லாவற்றிலும் இந்தப் பச்சை ஏறிற்று. உடுத்தியவரைவிட, பட்டறையில் நாள் முழுதும் அந்தத் தூளைக் கையாண்ட ஏழைப் பெண்களே மிகுதியும் துன்பப்பட்டார்கள். கைப்புண், வயிற்று நோய், சிலருக்கு மரணம். அழகுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

பொன்வண்டின் பச்சையிலோ நஞ்சும் இல்லை. உண்மையில் பச்சைச் சாயமே இல்லை! நம்ப முடியவில்லையா? ஒரு வேல இலையை அரைத்தால் பச்சைச் சாறு வரும். இறந்த பொன்வண்டின் ஓட்டை நைசாக அரைத்தால் வருவது கறுத்த பழுப்புத் தூள்தான். பச்சை எங்கே போயிற்று?

சோப்புக் குமிழியை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்பு நீருக்கு நிறமில்லை. குமிழிக்கு வானவில் நிறங்கள் உண்டு. குமிழியின் மென்படலத்தில் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்பரப்பு வரை போய்த் திரும்பும் ஒளியும் சேர்கின்றன. அலையின் முகடும் முகடும் சேர்ந்தால் ஒளி வலுக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். எந்த நிறம் வலுக்க வேண்டும் என்பதைப் படலத்தின் தடிமனே தீர்மானிக்கிறது. இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர்.

சோப்புக் குமிழியில் ஒரு படலம். பொன்வண்டின் ஓட்டிலோ ஒன்றன் மேல் ஒன்றாகப் பல படலங்கள். வீட்டில் அடுக்கிய அப்பளக் கட்டைப் போல. ஒரு படலத்தின் ஒளிவிலகல் எண் சற்றுக் குறைவு, அடுத்ததற்குச் சற்று அதிகம், மீண்டும் குறைவு என மாறி மாறி வரும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒளிவிலகல் எண்கள் 1.55, 1.70 என்றும், ஒவ்வொரு படலத்தின் தடிமனும் 85 நானோமீட்டர் என்றும் கொள்வோம். ஓர் இணைப் படலத்தைக் கடந்து திரும்பி வரும் ஒளிக்குக் கூடுதல் பாதை:

2 × (1.55 × 85 + 1.70 × 85) = 552.5 நானோமீட்டர்.

இந்த அலைநீளம் உள்ள ஒளிக்கு எல்லா இணைகளிலிருந்தும் வரும் முகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும். 552 நானோமீட்டர் என்ன நிறம்? பொன் கலந்த பச்சை! ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எந்தத் தறியிலும் நெய்ய முடியாத மெல்லிய அடுக்கை ஒரு புழு மண்ணுக்கடியில் கூட்டுப்புழுவாக உறங்கியபடியே உருவாக்கிக்கொள்கிறது.

ஓட்டைச் சாய்த்துப் பார்த்தால் பச்சை மெல்ல நீலமாக மாறும். சாய்வாகப் போகும் ஒளிக்குப் பாதை வேறுபாடு குறைகிறது. ஆகவே குறைந்த அலைநீளம் வலுக்கிறது. சாயமிட்ட துணியை எப்படிச் சாய்த்தாலும் இப்படி மாறாது. ஒரு நிறம் சாயத்தால் வந்ததா, அமைப்பால் வந்ததா என்று அறிய இதுவே எளிய சோதனை.

மயில் தோகையின் நிறத்துக்கு அதன் நுண் பகுதிகளின் மெல்லிய தன்மையே காரணம் என்று நியூட்டன் 1704-இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் ஊகித்தார். ஒளியின் வேகத்தை அளந்த மைக்கல்சன் 1911-இல் வண்டுகளின் உலோகப் பளபளப்பை ஆராய்ந்தார். ஆனால் அவர் வேறு விளக்கத்தையே நம்பினார். நம் சர் சி. வி. இராமனும் 1930-களில் கிளிஞ்சல்களிலும் பறவைச் சிறகுகளிலும் இத்தகைய நிறங்களை ஆராய்ந்தார். பிற்பாடு மின்னணு நுண்ணோக்கி வந்து ஓட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டியபோது, அடுக்கடுக்கான படலங்கள் கண்ணுக்கே தெரிந்தன. சிறந்த அறிஞரும் தவறலாம். கருவி மேம்பட்டால் உண்மை தெளிவாகும். இதுவும் ஒரு பாடம்தானே?

வெளுக்காத உடை

சாயம் ஏன் வெளுக்கிறது? ஒளியின் ஆற்றல் சாய மூலக்கூறின் பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. பொன்வண்டின் நிறத்துக்குத் தனி மூலக்கூறு பொறுப்பில்லை. அடுக்கின் தடிமனே பொறுப்பு. அடுக்கு சிதையாதவரை நிறம் போகாது.

இதற்குச் சான்று வேண்டுமா? எல்லன் டெர்ரி என்ற ஆங்கில நடிகை 1888-இல் 'மக்பெத்' நாடகத்தில் உடுத்திய உடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டு ஓடுகள் தைக்கப்பட்டிருந்தன. பழுது பார்க்கப்பட்டு 2011-இல் மீண்டும் காட்சிக்கு வந்தபோதும் அந்த ஓடுகள் பச்சையாகவே மின்னின. ஜப்பானின் ஹோர்யூஜி ஆலயத்தில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு திருமாடம் இருக்கிறது. அதன் உலோக வேலைப்பாட்டின் அடியில் வைத்த பொன்வண்டு ஓடுகளில் பல உதிர்ந்துவிட்டன. எஞ்சிய சில இன்றும் நிறம் காட்டுகின்றன. இவையெல்லாம் நேற்றைய செய்தி எனும்படி இன்னொன்று உண்டு. ஜெர்மனியின் மெசல் என்னும் இடத்தில் ஏறத்தாழ 4.7 கோடி ஆண்டுகள் பழைமையான பொன்வண்டுகளின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. அவையும் நிறம் இழக்கவில்லை!

ஊசி பிடித்த கை யாருடையது?

இனி, மனிதரைப் பற்றி ஒரு சொல். 1779-இல் கிராம்டன் என்பவர் அமைத்த நூற்பு இயந்திரத்தால் இங்கிலாந்தில் மெல்லிய நூல் நூற்க முடிந்தது. 1808-இல் ஹீத்கோட் வலைத் துணி பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இந்திய நெசவாளி கையால் செய்த வேலையை இயந்திரம் மலிவாகச் செய்யலாயிற்று. கடல் கடந்து போன மஸ்லின் வணிகம் நலிந்தது. ஆயிரக்கணக்கான தறிகள் ஓய்ந்தன.

ஆனால் பொன்வண்டு ஓட்டைத் துணியில் தைக்க இயந்திரம் வரவில்லை. ஒவ்வோர் ஓடும் ஒவ்வோர் அளவு, ஒவ்வொரு வளைவு. சற்று அழுத்தினால் விரிசல் விடும். எங்கே ஊசியை நுழைப்பது என்பதைக் கண்ணும் விரலும்தான் தீர்மானிக்க வேண்டும். அந்த அங்கிகளை உடுத்திய சீமாட்டிகள் சிலருடைய பெயர்கள் அருங்காட்சியகக் குறிப்புகளில் இருக்கின்றன. தைத்தவர் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. எண்ணெய் விளக்கின் மங்கலில் குனிந்து, வேறொரு நாட்டு மெழுகுவத்தி ஒளியில் மின்னப் போகும் இலைகளை அவர்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வண்டு ஓடு தைத்த துணிகளைப் பார்ப்பவர்கள் 'யார் உடுத்தியது?' என்று கேட்பதோடு 'யார் தைத்தது?' என்றும் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். திருவாலங்காட்டைச் சுற்றியுள்ள பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவு ஊர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர்களுக்கு இந்தக் கேள்வியை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

மின்னுவது காட்டவா, மறைக்கவா?

கடைசியாக ஒரு புதிர். மங்கலான கூடத்தில் தன்னைப் பளிச்சென்று காட்டிக்கொள்ளப் பெண்கள் பொன்வண்டின் ஓட்டை அணிந்தார்கள். பொன்வண்டு எதற்காக அதை அணிந்திருக்கிறது? தின்ன வரும் பறவைக்கு 'இதோ இருக்கிறேன்' என்று சொல்லவா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். ஸ்டெர்னோசெரா வண்டின் ஓடுகளில் பறவைகளுக்கான தீனியை வைத்துச் செடிகளில் பொருத்தினார்கள். ஒரே நிறமுள்ள போலி ஓடுகளையும் பொருத்தினார்கள். நிறம் மாறி மின்னும் உண்மையான ஓடுகளே பறவைகளிடமிருந்து அதிகம் தப்பின. மனிதர்களைத் தேடச் சொன்னபோதும் அவர்கள் கண்ணில் அவை எளிதில் படவில்லை. இலைகளும் வெயிலில் பளபளக்கின்றன அல்லவா? அவற்றின் நடுவே, பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும் உடலின் விளிம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பிடிக்க முடிவதில்லை. வெள்ளை மஸ்லின் மேல் இருக்கும்போது காட்டிக்கொடுக்கும் அதே மினுக்கம், பச்சை இலை மேல் இருக்கும்போது ஒளித்து வைக்கிறது. பொருள் ஒன்றே, பின்னணி மாறினால் பயன் தலைகீழாகிறது.

வளர்ந்த பொன்வண்டு வாழ்வது சில வாரங்கள்தான். அதற்குமுன் புழுவாக நெடுங்காலம் மண்ணுக்கடியில் வேரைத் தின்று வளர்ந்திருக்கும். மழை வந்ததும் வெளியே வந்து, துணை தேடி, முட்டையிட்டு மடிகிறது. தீப்பெட்டியில் இடப்பட்ட முட்டைக்கு மண்ணும் வேரும் கிடைப்பதில்லை. ஆகவே, அடுத்த மழைக்குப் பின் வேல மரத்தில் ஒரு பச்சைச் சுடரைக் கண்டால் கையை நீட்டாமல் கண்ணை மட்டும் நீட்டுங்கள். நீங்கள் நகரும்போது பச்சை நீலமாவதைப் பாருங்கள். அது உங்களிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறது. கண்டுபிடித்தது உங்கள் கெட்டிக்காரத்தனம். தரையில் இறந்து கிடக்கும் வண்டின் ஓடு கிடைத்தால், அதை எடுத்து வந்து வகுப்பில் காட்டுங்கள். ஒளியியல் பாடத்துக்கு அதைவிட நல்ல கருவி பள்ளி ஆய்வகத்தில் இருக்காது.

சிந்தித்து விடை காண்க

1. மெழுகுவத்தியிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் 1 லக்ஸ் ஒளி விழுகிறது. 5 மீட்டரில் எவ்வளவு விழும்?

2. மேலே போட்ட கணக்கில் ஒவ்வொரு படலத்தின் தடிமனும் 70 நானோமீட்டர் என்றால் எந்த அலைநீளம் வலுக்கும்? அது என்ன நிறம்?

3. பொன்வண்டின் ஓடு வெளிப்புறம் வளையாமல் உட்புறம் குழிந்து ஒரு குழியாடியாக இருந்தால், தூரத்து மெழுகுவத்தியின் பிம்பம் நேராகத் தெரியுமா, தலைகீழாகத் தெரியுமா? கரண்டியைத் திருப்பி வைத்துப் பார்த்து எழுதுங்கள்.

4. உங்கள் வீட்டிலோ ஊரிலோ நிறம் மாறி மின்னும் பொருள்கள் ஐந்தைத் தேடுங்கள். அவற்றுள் எவை சாயத்தால் நிறம் பெற்றவை, எவை அமைப்பால் நிறம் பெற்றவை? சாய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.